ம்பேயா நெடுஞ்சாலை: பேருந்துச் சாளரத்தில் ஒரு நாட்டின் வரலாறு

தான்சானியாவின் துறைமுக நகரான டார் எஸ் சலாமிலிருந்து தென்மேற்கே ம்பேயாவுக்குச் செல்லும் பேருந்து விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்படும். ஆனால் கையால் எழுதித் தரும் பயணச்சீட்டில் பன்னிரண்டு மணி என்று குறித்திருப்பார்கள். அந்நாட்டுக்குப் புதிதாக வந்தவர் இதைக் கண்டு திகைப்பது இயல்பு. சுவாஹிலி மொழியினர் நாளைக் கதிரவன் எழுச்சியிலிருந்து எண்ணுகின்றனர். நமக்குக் காலை ஏழு என்பது அவர்களுக்கு ஒரு மணி; நண்பகல் ஆறு மணி; இரவெல்லாம் கழிந்து வெளுக்கிற வேளையே பன்னிரண்டு. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ள நாடாதலால் ஆண்டு முழுவதும் விடியலும் அந்தியும் பெரிதாக நேரம் மாறுவதில்லை. இக்கணக்குக்கு அதுவே அடிப்படை. உதயாதி நாழிகை என்று பஞ்சாங்கத்தில் எண்ணிப் பழகிய நம்மவர்க்கு இது அவ்வளவு அயலான வழக்கன்று.

டார் எஸ் சலாமிலிருந்து ம்பேயா ஏறத்தாழ 830 கிலோமீட்டர். பகற்பொழுது முழுவதையும் விழுங்கிவிடும் தொலைவு. நெடுந்தொலைவுப் பேருந்துகள் இரவில் ஓடலாகாது என்னும் தடை நெடுங்காலம் இருந்து 2023ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. ஆகவே விடியலில் ஏறி இருட்டியபின் இறங்குவது அம்மக்களுக்கு ஊறிப்போன ஒழுங்கு. 2021 வரை உபுங்கோ நிலையத்திலிருந்தும், அதன்பின் நகரின் மேற்கு விளிம்பில் எழுந்த ம்பேசி நிலையத்திலிருந்தும் இப்பேருந்துகள் புறப்படுகின்றன. “ம்பேயா! ம்பேயா!” என்று கூவியழைப்போரின் குரலைக் கேட்கும்போதே தமிழ் படித்தவர்க்கு ஓர் இடர்ப்பாடு. மொழிக்கு முதலில் தனிமெய் வாராது என்பது நம் இலக்கணம். இங்கோ ஊருக்கு ஊர் மகர மெய்யில் தொடங்கும் பெயர்களே. பயணம் முடிவதற்குள் நாக்கு பழகிவிடுகிறது.

புதியவர் ஒருவர் இப்பேருந்தின் சாளரத்தருகே அமர்ந்தால் காண்பவை மலை, புல்வெளி, யானை, சாலையோரக் குடியிருப்பு, எண்ணெய் வண்டிகளின் நீண்ட வரிசை. இவையனைத்தும் இயற்கையாகவே அங்கே அமைந்துவிட்டவை போலத் தோன்றும். அவ்வாறில்லை. இச்சாலையின் தார் முதல் அதன் ஓரத்துச் சிற்றூர்களின் நேர்வரிசை வரை ஒவ்வொன்றும் யாரோ எடுத்த முடிவு. அம்முடிவுக்கு யாரோ கொடுத்த விலை. என் கண்ணில் பட்ட அளவில் அவ்விலைக் கணக்கைச் சொல்ல முயல்வதே இக்கட்டுரை.

முதலில் மொழியைப் பற்றி ஒரு சொல். பேருந்தில் ஏறும் இளைஞன் அருகிருக்கும் முதியவரைப் பார்த்து “ஷிகமோ” என்கிறான். “தங்கள் பாதத்தைப் பற்றுகிறேன்” என்பது அதன் வேர்ப்பொருள் என்பர். “மரஹபா” என்று பெரியவர் ஏற்றுக்கொள்கிறார். இருவரும் ஒரே இனத்தவராக இருக்க வேண்டியதில்லை. 120க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாடு அது. எனினும் கடற்கரையில் ஏறியவரும் மலைநாட்டில் இறங்குபவரும் நாள் முழுவதும் தடையின்றிப் பேசிக்கொண்டே செல்கிறார்கள் என்றால், அதற்கு 1961இல் விடுதலை பெற்றபின் சுவாஹிலியை ஆட்சிக்கும் தொடக்கக் கல்விக்கும் உரிய மொழியாக்கிய கொள்கையே காரணம். அதை முன்னின்று நடத்திய ஜூலியஸ் நைரேரே, ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர், வெனிஸ் வணிகன் ஆகிய இரு நாடகங்களையும் சுவாஹிலியில் பெயர்த்தவர். நாட்டை ஆண்டுகொண்டே மொழிபெயர்ப்புக்கும் உட்கார்ந்த தலைவர் உலகில் அதிகம் பேர் இல்லை. அவர்தம் மொழியில் வண்டி ‘காரி’, தேநீர் ‘சாய்’, காசு ‘பேசா’, இலட்சம் ‘லாக்கி’. இந்துமாக்கடலைக் கடந்து சென்ற வணிகத்தின் தடம் இது. நடத்துநரைக் ‘கோண்டா’ என்று சுருக்கியிருப்பது மட்டும் ஆங்கிலத்தின் கொடை.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிய பேருந்து, உலுகுரு மலையடியில் உள்ள மொரோகோரோவை அடைகிறது. நார்க்கற்றாழைத் தோட்டங்கள் வரிசை வரிசையாக விலகிச் செல்லும். முதல் உலகப்போரில் ஜெர்மானியரிடமிருந்து ஆங்கிலப் பேரரசின் படைகள் 1916 ஆகஸ்டில் கைப்பற்றிய ஊர் இது. (அப்போரின் தொடக்கத்தில், 1914 நவம்பரில், வடக்கே தாங்கா துறைமுகத்தில் ஆங்கிலேயர் இறக்கித் தோல்வியுற்ற இந்தியப் படையில் பாளையங்கோட்டைக் காலாட்படையும் இருந்தது. நெல்லைச் சீமையின் பெயரைத் தாங்கிய படை யாருக்காக, எவரோடு பொருதது என்று எண்ணினால் மனம் கனக்கிறது.) பிற்காலத்தில் மொரோகோரோவுக்கு வேறொரு பெருமை வந்தது. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ், தாய்நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1969இல் தன் புகழ்பெற்ற மாநாட்டை இங்கேதான் கூட்டியது. அருகில் மசிம்புவில் ஏதிலிப் பிள்ளைகளுக்கெனப் பள்ளியொன்றை எழுப்பி, 1979இல் தூக்கிலிடப்பட்ட இளம் போராளி சாலமன் மஹ்லாங்குவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பேருந்து அங்கே நிற்பதில்லை. வறுத்த முந்திரிப் பருப்பும் அவித்த முட்டையும் விற்போர் சாளரத்தை மொய்த்துக்கொள்ள, மாநாடு நடந்த ஊர் பின்னே போய்விடும்.

தெற்கின் விடுதலைக்கு இடம்கொடுத்த இந்நாட்டுக்கு அதனால் நேர்ந்த செலவுகளில் ஒன்றே இந்தச் சாலை.

1964 அக்டோபரில் விடுதலை பெற்ற ஜாம்பியா, கடற்கரை இல்லாத நாடு. செம்பு ஒன்றே அதன் செல்வம். அச்செம்பு வெளியேறுவதும் எண்ணெய் உள்ளே வருவதும் தெற்கே ரொடீசியாவின் இருப்புப்பாதையை நம்பியிருந்தன. 1965 நவம்பர் 11ஆம் நாள் ரொடீசியாவின் வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாக விடுதலை அறிவித்தது. பெரும்பான்மையோரின் உரிமையை மறுப்பதற்கென்றே அறிவிக்கப்பட்ட விடுதலை அது! டிசம்பரில் பிரிட்டன் ரொடீசியாவுக்கு எண்ணெய்த் தடை விதித்தது. ரொடீசியா உடனே ஜாம்பியாவுக்குச் சென்றுகொண்டிருந்த எண்ணெயை நிறுத்தியது. தண்டிக்கப்பட வேண்டியவன் ஒருவன். பட்டினி கிடந்தவன் அண்டை வீட்டான். பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் வானூர்திகள் எண்ணெய்ப் பீப்பாய்களைச் சுமந்து பறந்தன. அது போதாமல், டார் எஸ் சலாமிலிருந்து லாரிகள் புறப்பட்டன.

மொரோகோரோவுக்கு அப்பால் அன்று இருந்தது பெரும்பாலும் மண்சாலையே. மழைக்காலத்தில் அது சேறாகும். வெயிற்காலத்தில் முன்செல்லும் வண்டி தெரியாத அளவுக்குப் புழுதி எழும்பும். பீப்பாய்களை அடுக்கிய லாரிகள் மேற்கு நோக்கிச் செல்லும். செம்புக் கட்டிகளை ஏற்றியவை எதிரே வரும். கவிழ்ந்தும் மோதியும் தீப்பற்றியும் வண்டிகளும் மனிதர்களும் அழிந்தமையால் அவ்வழிக்கு ‘நரக ஓட்டம்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. அந்த ஓட்டுநர்களுக்குச் சிலை ஏதும் நான் கண்டதில்லை. இன்று நாம் குலுங்காமல் செல்லும் தார்ச்சாலை, அமெரிக்க உதவியோடும் உலக வங்கிக் கடனோடும் 1970களின் தொடக்கத்தில் உருப்பெற்றது. அதற்கு முன்பே, 1968இல், டார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் ந்தோலா வரை 1,710 கிலோமீட்டர் நீளமுள்ள எண்ணெய்க் குழாயை இத்தாலிய நிறுவனத்தார் பதித்து முடித்தனர். பயணியின் கண்ணுக்கு அது புலப்படாது.

மொரோகோரோவைக் கடந்ததும் மிக்குமி காட்டுயிர்ப் பூங்கா. நெடுஞ்சாலை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவு இதனூடே செல்கிறது. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, சில வேளை யானைக் கூட்டம். புதியவர் மட்டும் எழுந்து நின்று பார்ப்பார், மற்றோர் உறங்குவர். பயண நூல்கள் இப்பகுதியைப் பற்றிப் போதுமான அளவு எழுதிவிட்டன.

எனக்கு அதைவிட உவப்பானது அடுத்து வரும் ருவாஹா ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆயிரக்கணக்கில் பருத்த அடிமரத்தோடு நிற்பவை நாம் ஆனைப்புளி என்றும் பெருக்கமரம் என்றும் அழைக்கும் மரங்கள். மன்னாரிலும் இராமநாதபுரக் கரையிலும் ஒன்றிரண்டாக நிற்கும் இம்மரம், அரபு வணிகரோடு கடல்தாண்டி வந்தது என்பர். அதன் தாயகத்தில் அதைக் காடாகக் காண்பது தனி அனுபவம். ஊரின் பெயரே ருவாஹா ம்புயுனி. ‘ம்புயு’ மரம், ‘னி’ இடவேற்றுமை உருபு. ஆலங்காடு, புன்னைவனம் என்று பெயரிட்ட நம் முன்னோரின் வழியே அது. சாலையோரத்தில் வெங்காயம் குவித்து விற்பார்கள். இப்பகுதியில் எங்கேனும் பேருந்தை ஓரங்கட்டி நடத்துநர் ஓர் அறிவிப்புச் செய்வார்: “மருந்து தோண்டப் போகிறோம்.” ஆண்கள் ஒருபுறப் புதருக்கும் பெண்கள் மறுபுறப் புதருக்கும் செல்வர். கால் கழுவி வருதல் என்று நன்னூல் படித்தோர் எடுத்துக்காட்டும் இடக்கரடக்கலுக்கு இதைவிட அழகான உடன்பிறப்பை நான் அறியேன்.

பின்னர்க் கித்தோங்கா மலையேற்றம். கீழ்நோக்கி வரும் பாரவண்டிகளும் மேலேறும் பேருந்துகளும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் கொண்டைவளைவுகள். மேட்டுநிலத்தை அடைந்தால் காற்றில் குளிர். இது ஹேஹே மக்களின் நாடு.

ஹேஹே தலைவர் ம்க்வாவா பற்றி நம்மிடையே அறிந்தோர் குறைவு. ஜெர்மானியர் இந்நாட்டைக் கைக்கொள்ள முனைந்தபோது, 1891 ஆகஸ்ட் 17ஆம் நாள், இரிங்காவுக்குக் கிழக்கே லுகாலோவில் ம்க்வாவாவின் வீரர் பதுங்கியிருந்து பாய்ந்து, தளபதி செலெவ்ஸ்கியையும் அவன் படையின் பெரும்பகுதியையும் அழித்தனர். கைவேலும் கேடயமும் பீரங்கி கொண்ட படையை வென்றன. மூன்றாண்டு கழித்து, 1894 அக்டோபரில், ஜெர்மானியர் திரும்பி வந்து கலெங்காவில் இருந்த அவர் கோட்டையைத் தகர்த்தனர். ம்க்வாவா பணியவில்லை. நான்காண்டு காடுகளில் ஒதுங்கி நின்று போரிட்டார். அவர் தலைக்கு 5,000 ரூபாய் விலை வைக்கப்பட்டது. ஆம், ரூபாய்தான், ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் நாணயத்துக்கும் அதே பெயர். 1898 ஜூலை 19ஆம் நாள், சூழ்ந்துகொண்ட பகைவர் கையில் சிக்காமல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மடிந்தார். பிணமான பின்பும் தலையை வெட்டினர். அது ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டதாகக் கொள்ளப்பட்டது.

கட்டபொம்மனையும் ஊமைத்துரையையும் பாடிய மண்ணிலிருந்து செல்பவருக்கு இக்கதை தெரிந்த கதைபோல் இருக்கும். ஆனால் இதன் பின்பகுதி வேறெங்கும் கேளாதது. முதல் உலகப்போரை முடித்துவைத்த 1919ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையின் 246ஆம் பிரிவு, ம்க்வாவாவின் மண்டையோட்டை ஜெர்மனி ஆறு திங்களுக்குள் பிரிட்டிஷ் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பாவின் எல்லைகளையும் இழப்பீடுகளையும் வகுத்த ஆவணத்தில் ஓர் ஆப்பிரிக்கத் தலைவரின் தலைக்கு ஒரு பிரிவு! ஆறு திங்கள் முப்பத்தைந்து ஆண்டாயிற்று. இறுதியில் ஆங்கில ஆளுநர் ட்வைனிங், பிரேமன் அருங்காட்சியகத்தில் கிடந்த மண்டையோடுகளிடையே ஒன்றைத் தேர்ந்து கொணர்ந்து 1954இல் கலெங்காவில் ஒப்படைத்தார். இன்று அது அங்குள்ள சிறு காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அது அவருடையதுதானா என்று ஐயுறும் வரலாற்றாசிரியர் உண்டு. அவ்வையம் நியாயமானதே. அளந்து பார்த்துத் தேர்வதற்கு அத்தனை தலைகள் ஓர் அருங்காட்சியகத்தில் ஏன் கிடந்தன என்பதே எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி.

இரிங்கா நகரம் மேட்டின் மேல் இருக்கிறது. நெடுஞ்சாலை அதன் அடிவாரத்தில் செல்கிறது. ‘லிலிங்கா’, அதாவது கோட்டை, என்னும் ஹேஹே சொல்லே திரிந்து இரிங்கா ஆயிற்று.

இனி, நம் வட்டத்துக் கவிஞர்கள் செவிசாய்க்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். நாட்டின் பல நெடுஞ்சாலைகளைப் போலவே இங்கும் இருமருங்கும் சிற்றூர்கள் சாலையைப் பார்த்தவாறு வரிசையாக இருப்பதைப் புதியவர் காண்பார். தான்சானிய உழவர் முன்பெல்லாம் இவ்வாறு கூடி வாழ்ந்ததில்லை. தத்தம் நிலத்தருகே சிதறி வாழ்ந்தவர்கள். 1967 பிப்ரவரியில் நைரேரே அருஷா அறிக்கையை வெளியிட்டு ‘உஜமா’ என்னும் கொள்கையை முன்வைத்தார். குடும்ப உறவு என்பது அதன் பொருள். ஒன்றாய் வாழ்ந்து, ஒன்றாய் உழுது, பள்ளியும் மருந்தகமும் குடிநீரும் பொதுவாய்ப் பெறுதல். உயரிய கனவு. கவிஞர்கள் அதைப் பாடினார்கள். சுவாஹிலியில் கவிதை என்பது நூலகத்தில் உறங்கும் பொருளன்று. நாளிதழ்கள் வாசகரின் மரபுக் கவிதைகளை நெடுங்காலமாக வெளியிட்டு வருகின்றன. எட்டும் எட்டுமாய்ப் பதினாறு அசை கொண்ட அடி, அடியிடையிலும் அடியிறுதியிலும் இயைபு என்று கட்டுக்கோப்புடைய யாப்பு அது. ம்ன்யம்பாலா என்னும் கவிஞர் ‘ங்கோன்ஜேரா’ என்னும் உரையாடற் கவிதை வடிவை வளர்த்தார்; பள்ளிகளிலும் கூட்டங்களிலும் இருவர் எதிரெதிர் நின்று வினாவும் விடையுமாகக் கொள்கையை விளக்க அது வாய்ப்பான கருவியாயிற்று.

இரிங்காவுக்கு வடக்கே இஸ்மானி என்னும் செழிப்பான சோள வயற்பகுதி இருக்கிறது. உஜமாவை அங்கே நிறைவேற்றுவதில் முனைப்புக் காட்டிய மாநில ஆணையர் கிளெரூ, 1971 டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்துமஸ் அன்று, ம்வாம்விண்டி என்னும் உழவரின் நிலத்துக்குச் சென்றார். சொற்போர் மூண்டது. உழவர் ஆணையரைச் சுட்டுக் கொன்றார். பிணத்தைத் தாமே வண்டியில் ஏற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். பின்னர்த் தூக்கிலிடப்பட்டார். அரசுக்கு ஆணையர் ஈகியர். நிலத்தைக் காக்க நின்றவர்களின் நினைவிலோ உழவரே ஈகியர். இரண்டு பிணங்களையும் ஒரே பாட்டில் வைத்துப் பாட வல்ல கவிஞன் எவன்?

இரண்டாண்டு கழித்து, 1973 இறுதியில், ஊர்களில் குடியேறுவது இனி விருப்பமன்று, கட்டளை என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்க்கப்பட்டனர். மறுத்தோர் லாரிகளில் ஏற்றப்பட்டதும், திரும்பி வாராதபடி பழைய குடிசைகள் எரிக்கப்பட்டதும் பல இடங்களில் நிகழ்ந்தன. வண்டி வந்துபோக வசதியாக இருக்கும் என்பதால் புதிய குடியிருப்புகள் பெரும்பாலும் சாலையை ஒட்டியே வகுக்கப்பட்டன. மண்ணின் வளமும் நீரும் எங்கே என்பது பின்னுக்குத் தள்ளப்பட்டது. ம்ன்யம்பாலா 1969இலேயே மறைந்தவர். இவற்றை அவர் காணவில்லை. கண்ட கவிஞர் பலர் இருந்தனர். உடன்பிறப்பு என்னும் சொல் கட்டளையின் பெயராக மாறியபோது அவர்கள் அதே யாப்பில் என்ன எழுதினார்கள் என்பதைத் தேடிப் படிக்க வேண்டும். நைரேரேயை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எழுத்தறிவிலும் இன ஒற்றுமையிலும் அவர் ஈட்டித்தந்ததை அண்டை நாடுகள் பலவற்றின் குருதி வரலாறு எடுத்துக்காட்டும். 1985இல் தாமே பதவியிலிருந்து விலகினார். பொருளாதாரக் கொள்கையில் தவறுகள் நேர்ந்தன என்று வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். எனினும் சாலையோரத்து வரிசை வீடுகள் அவ்விடத்திலேயே நிற்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவே சொந்த ஊர்.

மஃபிங்காவைச் சுற்றி மரத்தோப்புகள். அடுத்து மகம்பாக்கோ. இங்கே இருப்புப்பாதை நெடுஞ்சாலையைச் சந்திக்கிறது.

ஜாம்பியாவுக்குத் தெற்கைச் சாராத இருப்புப்பாதை வேண்டுமென்று இரு நாடுகளும் கேட்டபோது, இலாபம் தராது என்று உலக வங்கி ஒதுங்கிக்கொண்டது. சீனா முன்வந்தது. 1967 செப்டம்பரில் பெய்ஜிங்கில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று, வட்டியில்லாக் கடன். 1970 அக்டோபரில் பணி தொடங்கி, டார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் பாதை 1975இல் முடிந்து, 1976 ஜூலையில் ஒப்படைக்கப்பட்டது. ம்லிம்பாவிலிருந்து மகம்பாக்கோ வரையிலான மலைச்சரிவே எல்லாவற்றினும் கடினமானது. குகைப்பாதைகளும் உயர்ந்த பாலங்களும் அங்கேதான் மிகுதி. சீனாவே அன்று வறிய நாடு. அறுபதுக்கும் மேற்பட்ட சீனப் பணியாளர் தான்சானிய மண்ணில் இறந்தனர்; டார் எஸ் சலாமுக்கு வெளியே அவர்களுக்குத் தனி இடுகாடு உண்டு. உடன் உழைத்த பல்லாயிரம் தான்சானிய, ஜாம்பியத் தொழிலாளரிடையே இறந்தோருக்கு அத்தகைய இடுகாடு இல்லை. உள்நாட்டுச் செலவின் ஒரு பகுதி சீனப் பொருள்களைக் கடைகளில் விற்ற பணத்தால் ஈடுகட்டப்பட்டது. ஒரு வகையில், சீனத் துணி வாங்கிய உழவனும் அந்தப் பாதைக்குப் பங்களித்தவனே.

ஆண்டுக்கு 20 இலட்சம் டன் சுமக்கவென்று அமைத்த அந்தப் பாதை அவ்வளவை ஒருபோதும் சுமந்ததில்லை. 1978இல் ஜாம்பியா தெற்கு வழியை மீண்டும் திறந்தது; 1980இல் ரொடீசியா மறைந்து ஜிம்பாப்வே பிறந்தது; 1994இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. பாதையைக் கோரிய அரசியல் தேவை நிறைவேறியது. வணிகத் தேவை வேறு வழிகளில் பிரிந்து போயிற்று. பழுதுபட்ட பாதையைப் புதுப்பிக்க 2024 செப்டம்பரில் பெய்ஜிங்கில் மூன்று நாடுகளும் மீண்டும் ஓர் உடன்பாடு கண்டன. இம்முறை பேசப்பட்டது பெரும்பாலும் முதலீடும் வருவாயும்.

மகம்பாக்கோவுக்கு அப்பால் சமவெளி. பின்பு மலைகள் இருண்டு நெருங்கும். 1920களின் தங்க வேட்டையால் எழுந்த ம்பேயாவில் பயணிகள் மூட்டைகளோடு இறங்குகிறார்கள். இன்னும் நூறு கிலோமீட்டர் சென்றால் ஜாம்பிய எல்லையில் துண்டுமா. ஜாம்பியாவின் செம்பும் காங்கோவின் செம்பும் கோபால்ட்டும் ஏற்றிய வண்டிகள் அங்கிருந்து இரவு பகலாகக் கிழக்கே இறங்குகின்றன. எண்ணெய் வண்டிகள் எதிரே ஏறுகின்றன. பூமிக்கடியில் உள்ள பழைய குழாய் 2023 முதல் கச்சா எண்ணெய்க்குப் பதிலாக டீசலைச் சுமக்கிறது. கித்தோங்கா வளைவுகளில் இப்போதும் வண்டிகள் கவிழ்கின்றன. ஓட்டுநர்கள் சாலையோரத்து வரிசைக் கடைகளில் நிறுத்தி, ‘சாய்’ குடித்துவிட்டு, மீண்டும் ஏறி அமர்கிறார்கள்.